துப்புரவு பேட்சுக்குப் பிறகு டிஸ்க் உயிரோடு இருக்கிறதா? நான் சோதித்துப் பார்க்கும் விதம்

என் மேசைக்கு அடியில் ஒரு பழைய 500 ஜிபி டிஸ்க் கிடக்கிறது. அதன் முதுகில் சிவப்பு மார்க்கரில் "இதில் ஒன்றும் இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் இல்லை, எனக்காகத்தான். லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஸ்டோரேஜ் பகுதியில் கை வைப்பவர்களிடம் இழக்கத் துணிந்த டிஸ்க் ஒன்றாவது இருக்க வேண்டும். புதிதாக எதையும் சேர்க்காமல், இருக்கிற நிரலை ஒழுங்குபடுத்த, அதாவது துப்புரவு செய்யப் போகிறவரிடம் இரண்டு இருந்தாலும் தப்பில்லை.

புதிய வசதியைக் கொண்டுவரும் பேட்ச் (நிரலுக்கான மாற்றம்) வந்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள். "செயல்பாட்டில் மாற்றம் இல்லை" என்ற வரியைப் பார்த்தால் கண் தானாகக் கீழே ஓடிவிடும். போகிக்குப் பரணைச் சுத்தம் செய்து, பழைய காகிதத்தோடு வீட்டுப் பத்திரத்தையும் நெருப்பில் போட்ட குடும்பங்கள் உண்டு. குப்பையும் பத்திரமும் ஒரே நிறத்தில் இருப்பதுதான் அங்கே சிக்கல்.

கர்னலிலேயே இதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. 2021 பிப்ரவரி கடைசியில் 5.12-இன் முதல் சோதனை வெளியீடு, அதாவது ஆர்சி1, வந்தது. அதில் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது டிஸ்கில் ஒதுக்கி வைக்கும் இடம்) பகுதியில் ஒரு துப்புரவு நடந்திருந்தது. பார்த்தவர் எவருக்கும் உறுத்தாத எளிமைப்படுத்தல். ஸ்வாப்பைத் தனி பார்ட்டிஷனிலும் வைக்கலாம், ஃபைல் சிஸ்டத்துக்குள் ஒரு கோப்பாகவும் வைக்கலாம். ஒரு நினைவகப் பக்கத்தை வெளியே எழுதும்போது இரண்டு எண்கள் வரும்: ஸ்வாப்புக்குள் அது எத்தனையாவது இடம், டிஸ்கில் அது எத்தனையாவது செக்டார் (டிஸ்கின் சிறு துண்டு). பார்ட்டிஷனாக இருந்தால் இரண்டும் ஒரே கணக்கு. கோப்பாக இருந்தால், அந்தக் கோப்பை ஃபைல் சிஸ்டம் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது என்று பார்த்து இரண்டாவதைக் கண்டுபிடிக்க வேண்டும். துப்புரவில் இரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் முதலாவது வந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்வாப் கோப்பு வைத்திருந்தவர்களின் மெஷினில் நினைவகம் குறைந்ததும், பக்கங்கள் ஃபைல் சிஸ்டத்தின் தலையிலேயே போய் எழுதப்பட்டன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த வெளியீட்டைக் குறிக்கும் டேகின் பெயரையே "பயன்படுத்தாதே" என்று பொருள்படும்படி மாற்றினார். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை வரும் அடுத்த ஆர்சி, அந்த வாரம் வெள்ளிக்கிழமையே வந்தது.

ஸ்வாப் பார்ட்டிஷன் வைத்திருந்தவர்களுக்கும், ஸ்வாப்பே தேவைப்படாத அளவு நினைவகம் உள்ளவர்களுக்கும் எல்லாம் சரியாகவே ஓடியது. அதனால் என் முதல் விதி இது: வேறுபட வேண்டிய இரண்டு எண்கள் தற்செயலாகச் சமமாக இருக்கும் இடத்தில் சோதித்தால் அது சோதனையே இல்லை. கீழே சொல்வதில் பாதி, அந்தச் சமத்தை உடைக்கும் வழிகள்.

தொடுவதற்கு முன்

பேட்ச் எழுதும் முன்பே, மாற்றாத கர்னலில் எல்லா டெஸ்டையும் ஓட்டி முடிவைச் சேமித்துவிடுங்கள். ஃபைல் சிஸ்டம் வழியாகச் சோதிக்க எஃப்எஸ்டெஸ்ட்ஸ் (பழைய பெயர் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்காகத் தொடங்கி இன்று எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற மற்ற ஃபைல் சிஸ்டங்களுக்கும் ஆகிவிட்டது). பிளாக் லேயரை (ஃபைல் சிஸ்டத்துக்கும் டிஸ்க் டிரைவருக்கும் நடுவில் உள்ள அடுக்கு) நேராகத் தட்டிப் பார்க்க பிளாக்டெஸ்ட்ஸ். எஃப்எஸ்டெஸ்ட்ஸுக்கு இரண்டு டிஸ்க் கொடுக்க வேண்டும்: டெஸ்ட் டிவைஸ், ஸ்கிராட்ச் டிவைஸ். ஸ்கிராட்சை அது தன் இஷ்டத்துக்கு ஃபார்மேட் செய்யும். டிவைஸ் பெயரைத் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்து மாறினால் உங்கள் வீட்டுப் புகைப்படங்கள் போய்விடும். நான் இதையெல்லாம் கியூஎம்யூ என்ற மெய்நிகர் மெஷினுக்குள் மட்டுமே ஓட்டுவேன். சிவப்பு மார்க்கர் டிஸ்க் கடைசிச் சுற்றுக்கு.

முதல் ஓட்டத்திலேயே சில டெஸ்டுகள் தோற்கும். பழைய கருவி, இல்லாத வசதி என்று ஆயிரம் காரணம் இருக்கும். அந்தப் பட்டியல் கையில் இல்லையென்றால், பேட்சுக்குப் பிறகு தோற்கும் ஒவ்வொன்றுக்கும் உங்களையே திட்டிக்கொள்வீர்கள். ஒரு தடவை ஓட்டினால் போதாது, மூன்று தடவை ஓட்டுங்கள். ஒரு தடவை தோற்று இரண்டு தடவை ஜெயிக்கும் டெஸ்டைத் தனியாகக் குறித்து வையுங்கள். பின்னால் ராத்திரி ஒரு மணிக்கு அது உங்களை ஏமாற்றப் பார்க்கும்.

பேட்சை வெட்டும் விதம்

நிரலை இடம் மாற்றுவது ஒரு கமிட் (கிட் கருவியில் பதியும் தனி மாற்றம்), பெயர் மாற்றுவது இன்னொரு கமிட், தர்க்கத்தைத் தொடுவது வேறொரு கமிட். மூன்றையும் கலந்தால் பிறகு பிழை தேடுவது நரகம். கிட் டிஃப்பில் கலர்-மூவ்டு என்றொரு விருப்பம் இருக்கிறது. நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டும். நகர்த்தும் கமிட்டில் அந்த நிறம் இல்லாமல் வெறும் பச்சையில் ஒரு வரி நின்றால், வழியில் உங்கள் கை எதையோ மாற்றியிருக்கிறது.

பெயர் மாற்றத்துக்கு இதைவிட உறுதியான சாட்சி உண்டு. கமிட்டுக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து, இரண்டு ஆப்ஜெக்ட் கோப்பையும் ஆப்ஜ்டம்ப் கருவியில் கட்டளைகளாகப் பிரித்து ஒப்பிடுங்கள். கர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலேயே இந்த ஒப்பீட்டுக்கு ஆப்ஜ்டிஃப் இருக்கிறது. வெறும் பெயர் மாற்றமென்றால் கட்டளைகள் ஒன்று விடாமல் ஒத்துப்போக வேண்டும். ஒரு சின்ன தொல்லை: எச்சரிக்கை மேக்ரோக்கள் வரி எண்ணையும் உள்ளே புதைத்து வைக்கும், அதனால் வரி நகர்ந்தாலே வித்தியாசம் காட்டும். டீபக் தகவல், பக் வெர்போஸ் என்ற இரண்டு கர்னல் விருப்பங்களையும் அணைத்துவிட்டு ஒப்பிட்டால் இரைச்சல் குறையும். இந்த ஐந்து நிமிட வேலை எனக்கு எத்தனையோ ராத்திரிகளை மிச்சப்படுத்தியிருக்கிறது. டெஸ்ட் ஓட்டாமலேயே "மாற்றம் இல்லை" என்று நிரூபிக்க முடிகிற ஒரே இடம் இதுதான்.

சமத்தை உடைப்பது

பிளாக் லேயருக்குள் செக்டார் என்றால் எப்போதும் 512 பைட். டிஸ்கின் சொந்த அலகு 4096 பைட்டாக இருந்தாலும் பயோவில் (பிளாக் லேயருக்கு வரும் ஒரு படிக்கும் அல்லது எழுதும் கோரிக்கை) வரும் எண் 512 கணக்கில்தான் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பும் துப்புரவு, 512 பைட் டிஸ்கில் கடைசி வரை மாட்டாது. கியூஎம்யூவில் விர்டியோ (மெய்நிகர்) டிஸ்குக்கு லாஜிகல் பிளாக் அளவை 4096 என்று கொடுத்து ஒரு முறை ஓட்டுங்கள். முழு டிஸ்கை மட்டும் சோதிக்காதீர்கள். பார்ட்டிஷன் போட்டு, அதிலும் இரண்டாவது பார்ட்டிஷனைச் சோதியுங்கள். முழு டிஸ்கில் தொடக்க இடம் பூஜ்யம், பூஜ்யத்தைக் கூட்ட மறந்தால் யாருக்குத் தெரியும்? பெரிய ரிக்வெஸ்டையும் அனுப்புங்கள். கியூ (ரிக்வெஸ்ட் வரிசை) ஏற்கும் அதிகபட்ச அளவைச் சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் அடைவு) குறைத்துவிட்டால் ஒவ்வொரு பயோவும் துண்டாகும், துண்டான பயோவில் மட்டும் வரும் பிழைகள் ஒரு கூட்டமே இருக்கின்றன. ஸ்வாப்பின் அருகில் போனால் கோப்பு, பார்ட்டிஷன் இரண்டும். பக்க அளவு 64 கேபி உள்ள ஆர்ம் மெஷின் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை, எமுலேஷனில் ஆமை வேகத்தில் ஓட்டுகிறேன்.

எழுதும் தரவிலும் இதே பொறி இருக்கிறது. டிஸ்க் முழுக்க ஒரே எழுத்தை நிரப்பி, படித்து, "சரியாக இருக்கிறது" என்பார்கள். எல்லா இடத்திலும் ஒரே எழுத்தென்றால், பத்தாவது இடத்துக்குப் போக வேண்டியது நூறாவது இடத்துக்குப் போனாலும் எல்லாம் சரியாகவே தெரியும்! ஒவ்வொரு 512 பைட் துண்டிலும் அதன் சொந்த செக்டார் எண்ணை எழுதுங்கள். முப்பது வரி சி நிரல் போதும். எஃப்ஐஓ என்ற டிஸ்க் சோதனைக் கருவியின் வெரிஃபை வசதியும் ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் இடத்தையும் சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணையும் பதித்து வைக்கிறது, அதுவும் ஆகும். ஆனால் என் முப்பது வரியைத்தான் நான் நம்புகிறேன். கெட்டுப்போன டிஸ்கை ஹெக்ஸில் திறந்தால் எண் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

அந்த எண் பேசும். 5000-ஆவது செக்டாரில் 2952 என்று இருந்தால் வித்தியாசம் 2048. இன்றைய பார்ட்டிஷன் கருவிகள் முதல் பார்ட்டிஷனைத் தொடங்கும் இடம் அதுதான், ஆக யாரோ தொடக்க இடத்தைக் கூட்டியிருக்கிறார்கள், அல்லது கூட்டாமல் விட்டிருக்கிறார்கள். வித்தியாசமாக இல்லாமல் எட்டு மடங்காக இருந்தால் 512-க்கும் 4096-க்கும் இடையில் அலகு மாற்றும் ஷிஃப்ட் தவறியிருக்கிறது. எண் சரியாக இருந்து தரவு மட்டும் பழையதாக இருந்தால், எழுத அனுப்பியது போய்ச் சேரவே இல்லை.

தவறும் வழிகள்

துப்புரவில் அதிகம் கெடுவது தவறினால் வெளியேறும் வழி. நான் வாங்கிய அடியையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் ஒன்றில், கார்டுக்குக் கட்டளை அனுப்பும் ஃபங்ஷனுக்கு ஐந்து ரிட்டர்ன் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் அதே நாலு வரி. கை அரித்தது. கர்னல் வழக்கப்படி எல்லாவற்றையும் கீழே ஒரு கோ-டூ ஏணியாக்கினேன்: எங்கே தவறினாலும் அதற்குரிய படிக்குக் குதித்து, அதுவரை எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும். டிஎம்ஏ மேப்பிங் (கார்டு நேராக நினைவகத்தைத் தொடுவதற்கான ஏற்பாடு) தவறினால் குதிக்க வேண்டிய படி, ஒரு படி தள்ளிப்போயிற்று. எடுத்த கமாண்ட் ஸ்லாட் (ஒரு கட்டளைக்கான இடம்) திரும்பவில்லை.

மேப்பிங் எப்போதாவதுதான் தவறும். தவறினால் மேலே ஒரு பிழை போகும், மீண்டும் முயல்வார்கள், வேலை நடந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மெஷின் அப்படியே நின்றுபோகும். கர்னல் பதிவில் "120 விநாடிக்கு மேல் முடங்கியிருக்கிறது" என்று வரிசையாக வரும். ரீபூட் செய்தால் சரியாகிவிடும். நான் லாக்கிங் பிழையென்று நினைத்து லாக் பிழைகளைத் தேடும் லாக்டெப்போடு பத்து நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் பக்கத்து இருக்கையில் இருந்த மூத்தவர், டீ கிளாஸோடு வந்து நின்று கேட்டார்: "எத்தனை ஸ்லாட்ப்பா அதுல?"

"அறுபத்துநாலு சார்."

"இப்ப எத்தனை பாக்கி இருக்குன்னு எண்ணிப் பார்த்தியா?"

எண்ணவில்லை. எண்ணினேன். பூஜ்யம். 64 தோல்விகள், தோல்விக்கு ஒரு ஸ்லாட். கடைசி ஸ்லாட்டும் போனதும் டிரைவர் "இப்போது இடமில்லை, காலியானதும் நானே கூப்பிடுகிறேன்" என்று மேலே சொல்லிவிட்டுக் காத்திருந்தது. காலியாக வேண்டிய கட்டளை ஒன்றுகூட வெளியே இல்லை. பிறகு யார் வந்து கூப்பிடுவது?

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். முதலாவது, ஒவ்வொரு டெஸ்டும் முடிந்து மெஷின் ஓய்ந்திருக்கும்போது கணக்குகளை எண்ணுவேன்: ஸ்லாட், ரெஃபரன்ஸ், நிலுவையில் உள்ள ரிக்வெஸ்ட். ஓய்வில் எல்லாம் பூஜ்யத்துக்கு வர வேண்டும். பிளாக் லேயரின் கணக்கை டீபக்எஃப்எஸ்ஸில் (கர்னலின் உள்நிலையைக் காட்டும் அடைவு) அந்த டிஸ்கின் பெயரில் உள்ள அடைவில் பார்க்கலாம். டிரைவர் மாட்யூலை இறக்கியும் பாருங்கள். அதன் ஸ்லாப் கேஷ் (நினைவகத் துண்டுகளின் தொகுப்பு) அழியும்போது உள்ளே ஏதாவது மிச்சமிருந்தால் கர்னலே கூச்சல் போடும். இரண்டாவது, தோல்வியை நானே வரவழைப்பேன். தவறினால் என்ன ஆகும் என்று மூன்று வாரம் காத்திருந்து பார்ப்பது முட்டாள்தனம்.

வரவழைக்கக் கர்னலிலேயே எல்லாம் இருக்கிறது. நினைவக ஒதுக்கீட்டைத் தோற்கடிக்க ஃபெயில்ஸ்லாப், பயோவைத் தோற்கடிக்க ஃபெயில்-மேக்-ரிக்வெஸ்ட். இரண்டும் 2.6.20 காலத்திலிருந்தே இருக்கின்றன, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. போலி டிஸ்க் ஒன்றை உருவாக்கும் எஸ்சிஎஸ்ஐ டீபக் மாட்யூலை ஏற்றி அதன் ஆப்ட்ஸ் மதிப்பை 2 என்று வைத்தால், 4660-ஆவது செக்டாரிலிருந்து பத்து செக்டாரைப் படிக்கும்போது மீடியம் எரர் (டிஸ்கின் அந்த இடம் கெட்டது என்ற பிழை) கொடுக்கும். டிஸ்குக்கு மேல் ஒரு மெய்நிகர் டிஸ்கை அமைக்கும் டிவைஸ் மேப்பரின் ஃபிளேக்கி டார்கெட், சில விநாடி ஒழுங்காக இருந்து சில விநாடி முரண்டு பிடிக்கும். சொன்னால் எழுத அனுப்பியதைச் சத்தமில்லாமல் விழுங்கவும் செய்யும். உங்கள் ஃபங்ஷனில் ஆறு தோல்வி வழி இருந்தால் ஆறும் குறைந்தது நூறு தடவை நடந்திருக்க வேண்டும். 64 என்ற எண்ணை நான் மறக்கவில்லை.

தோல்வி மதிப்பையும் கவனியுங்கள். பிளாக் லேயருக்கு "இடமில்லை" என்று சொல்ல இரண்டு விதம் உண்டு. ஒன்றைச் சொன்னால் பிளாக் லேயர் சில மில்லிவிநாடி கழித்துத் தானே மறுபடி முயலும். மற்றது, டிரைவர் பொறுப்பேற்றுக்கொள்ளும் வாக்குறுதி. பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும். "இரண்டு எதற்கு, ஒன்றே போதும்" என்று துப்புரவு செய்தால் மேலே சொன்ன அதே காத்திருப்பில் போய் நிற்பீர்கள்.

அனுப்பியதைத் தொடாதே

பயோவை அனுப்பிய அடுத்த வரியில் அதைத் தொடக் கூடாது. அனுப்பும் ஃபங்ஷன் திரும்புவதற்குள்ளேயே வேலை முடிந்து, பயோ விடுவிக்கப்பட்டிருக்கலாம். புள்ளிவிவரம் கூட்டும் வரியை "அழகாக இருக்கட்டும்" என்று கீழே நகர்த்தும்போது இந்தத் தவறு வரும். மெதுவான டிஸ்கில் மாட்டாது, அதனால்தான் மோசம். உண்மையான டிஸ்க் இல்லாத நல் பிளாக் டிரைவரை ஐஆர்க்யூ மோட் 0-இல் ஏற்றுங்கள். அது அனுப்பிய இடத்திலேயே உடனே முடித்துவிடும். கூடவே, விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் காசான் இயக்கப்பட்ட கர்னலாக இருந்தால் முதல் ஓட்டத்திலேயே பிடிபடும். ஒரு எச்சரிக்கை: மெமரி பேக்டு என்ற விருப்பத்தைப் போடாவிட்டால் நல் பிளாக் தரவைக் குப்பையில் போட்டுவிடும். எழுதினால் "ஆயிற்று" என்று மட்டும் சொல்லும். அதில் தரவுச் சோதனை ஓட்டிக் குழம்பியவர்களில் நானும் ஒருவன்.

காசானும் லாக்டெப்பும் உள்ள கர்னல் மெதுவாக ஓடும், அதனாலேயே சில பந்தயப் பிழைகள் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வருபவை) அதில் ஒளிந்துகொள்ளும். சாதாரண கர்னல் ஒன்றையும் கட்டி, இரண்டிலும் ஓட்டுங்கள்.

மின்வெட்டு

ஃபிளஷ் (டிஸ்கின் கேஷில் உள்ளதை நிரந்தரமாக எழுதச் சொல்லும் கட்டளை) ஒன்றைத் தவறவிட்டால் எந்தச் சாதாரண டெஸ்டும் தோற்காது. மின்சாரம் போனால்தான் தெரியும். கியூஎம்யூவைக் கொன்று "மின்வெட்டு செய்து பார்த்தேன்" என்பவர்கள் உண்டு. அது மின்வெட்டு ஆகாது. எழுதியது ஏற்கெனவே வெளி மெஷினின் நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், கியூஎம்யூ செத்தாலும் அது பத்திரமாக இருக்கும். சரியான கருவி டிவைஸ் மேப்பரின் லாக்-ரைட்ஸ். எழுதுவது, ஃபிளஷ், எஃப்யூஏ (கேஷில் நிற்காமல் நிரந்தரமாக எழுதச் சொல்லும் குறி) எல்லாவற்றையும் வரிசை மாறாமல் பதிந்து வைக்கும். பிறகு அதை ஒவ்வொரு ஃபிளஷ் வரைக்கும் ஓட்டி நிறுத்தி, அங்கங்கே எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் கருவி) போட்டுப் பார்க்கலாம். நேரம் எடுக்கும். நான் படுக்கப் போகும் முன் தொடங்கிவிடுவேன்.

மாட்டிக்கொண்ட பிறகு

தோற்ற டெஸ்ட் கிடைத்ததும் முதலில் டிஸ்க் இமேஜை நகலெடுத்து வையுங்கள், பிறகு தேடலாம். எஃப்எஸ்சிகேவை அசலில் ஓட்டினால் தடயத்தை நீங்களே துடைக்கிறீர்கள்.

கூச்சல் போடும் லேயரில்தான் தவறு என்று நினைக்காதீர்கள். 2018 கடைசியில் 4.19 கர்னலில் எக்ஸ்ட்4 கோப்புகள் கெடுவதாகப் புகார் வந்து, பல வாரம் எக்ஸ்ட்4 மீதே பழி விழுந்தது. தவறு கீழே, பிளாக் லேயரின் மல்டிகியூவில் (பல வரிசைகளில் ரிக்வெஸ்ட் அனுப்பும் பகுதி) இருந்தது. நேரடியாக டிரைவருக்கு அனுப்பிப் பார்த்து, "இடமில்லை" என்று திரும்பிய ரிக்வெஸ்ட் மறுபடி வரிசையில் போய், அங்கே இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ள இடம் இருந்தது. ஆகவே அதே டெஸ்டை வேறொரு ஃபைல் சிஸ்டத்தில் ஓட்டுங்கள். ஃபைல் சிஸ்டமே இல்லாமல் வெறும் டிஸ்கில் என் முப்பது வரி நிரலை ஓட்டியும் கெட்டால் பழி கீழேதான். அதற்குப் பிறகு, ரிக்வெஸ்டுகளைப் பதிந்து வைக்கும் பிளாக்ட்ரேஸைத் திறந்து, கெட்ட செக்டாரின் எண்ணைத் தேடி, அதற்கு யார் எப்போது எழுதினார் என்று பாருங்கள்.

எந்த கமிட் என்று தெரியாவிட்டால், கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் ரன். உங்கள் ஸ்கிரிப்ட் 0 தந்தால் நல்லது, 1 தந்தால் கெட்டது, 125 தந்தால் "இதைத் தாண்டிப் போ". கம்பைல் ஆகாததற்கு 125 கொடுங்கள், 1 கொடுத்தால் பைசெக்ட் வேறு ஊருக்குப் போய்விடும். பத்தில் மூன்று தடவை மட்டும் தோற்கும் பிழையென்றால் ஒவ்வொரு படியிலும் இருபது தடவை ஓட்டிய பிறகே "நல்லது" என்று சொல்லுங்கள். டிஸ்கைக் கெடுக்கும் பிழைக்கு ஒவ்வொரு படியிலும் புது இமேஜ் வேண்டும். போன படியில் கெட்டதை இந்தப் படியின் தலையில் கட்டிவிடாதீர்கள். பைசெக்ட் பழைய கர்னல்களின் வழியாகப் போகும், அதில் 5.12-ஆர்சி1 மாதிரியான குழிகளும் இருக்கும். பைசெக்டை உங்கள் சொந்த மெஷினில் ஓட்டாதீர்கள் என்பதற்கு அந்த ஒரு டேகே போதும்.

பிழையைச் சரிசெய்ததும் அதைப் பிடித்த டெஸ்டைத் திருத்தம் இல்லாத கர்னலில் இன்னொரு முறை ஓட்டி, தோற்கிறதா என்று பாருங்கள். தோற்காத டெஸ்டை வைத்துக்கொண்டு "சரியாகிவிட்டது" என்று நான் இரண்டு தடவை அனுப்பியிருக்கிறேன்.

கமிட் செய்தியில் "செயல்பாட்டில் மாற்றம் இல்லை" என்று மட்டும் எழுதாமல், எதையெல்லாம் ஓட்டினீர்கள், எந்தச் செக்டார் அளவில், எந்தத் தோல்விகளை வரவழைத்தீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள். அந்த ஐந்து ரிட்டர்ன் ஃபங்ஷனைப் பின்னால் மறுபடி துப்புரவு செய்தேன். ஏழு கமிட்டாக வெட்டினேன். ஐந்தை அனுப்பினேன், இரண்டை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். அதில் ஒன்று ஆப்ஜ்டம்ப் ஒப்பீட்டிலேயே தோற்றது. ஏன் என்று கண்டுபிடிக்க அந்த வாரம் நேரம் இல்லை.